இறக்கிய சிலைகளும் மாற்றிய பெயர்களும்

வேலூர் லாங் பஜாரில் நிற்கும் மணிக்கூண்டு 1920களில் கட்டப்பட்டது. அதில் பதித்த கல் ஒரு கணக்குச் சொல்கிறது: முதல் உலகப் போருக்கு இந்தக் ‘கிராமத்திலிருந்து’ 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள். கோட்டையும் கடைவீதியும் நகராட்சியும் இருந்த ஊரைக் கிராமம் என்று எழுதியதைக் கல்தச்சரின் பிழை என்று சொல்ல முடியாது. ஒரே வாசகத்தில் எண்ணை மட்டும் மாற்றி ஊருக்கு ஊர் பொறித்தார்கள். வேலூருக்கும் அதுவே வந்து சேர்ந்தது. அதே கடைவீதிப் பகுதியில்தான் நேதாஜி மார்க்கெட்டும் இருக்கிறது. பிரிட்டிஷ் படையில் சேர்ந்து மடிந்தவர்களுக்கு ஒரு கல், அந்தப் படைக்கு எதிராகவே படை திரட்டியவரின் பெயரில் ஒரு சந்தை. இரண்டும் பல காலமாகச் சண்டையில்லாமல் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கின்றன.

எல்லா நினைவுச் சின்னங்களுக்கும் இந்த அமைதி வாய்ப்பதில்லை. மணிக்கூண்டுக் கல் நடந்ததைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். சிலையின் வேலை வேறு. ஒருவரைப் பீடத்தில் ஏற்றி, ஊர் கூடும் இடத்தில் நிறுத்தி, இவர் போற்றத்தக்கவர் என்று அது வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வைக்கும் பெயர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளைகள் அதை நோட்டு அட்டையிலும், சட்டைப் பையின் முத்திரையிலும், கடைசியில் மாற்றுச் சான்றிதழிலும் சுமக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் கொடியவனின் பெயரை எடுக்கச் சொல்லி யாரும் மறியல் செய்ததில்லை. முச்சந்தியில் நின்றால்தான் அந்தப் பெயர் உறுத்துகிறது. ‘சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும்’ என்ற வாதத்துக்கு உள்ள பலவீனம் இதுதான். எடுக்கப்படுவது மரியாதை. வரலாறு அப்படியே இருக்கிறது, சில சமயம் சிலை போன பிறகு கூடுதலாகவே படிக்கப்படுகிறது.

யாருக்கு மரியாதை என்பதில் ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதற்கு வேலூரை விட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. திப்பு சுல்தானின் குடும்பம் அப்போது அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்தவர் ரோலோ கில்லெஸ்பி. சில மணி நேரத்தில் கோட்டை மறுபடி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. பிடிபட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய நூறு பேரைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மடிந்த சிப்பாய்களின் மொத்தத் தொகை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

கில்லெஸ்பி பிறந்த ஊர் வட அயர்லாந்தில் உள்ள கோம்பர். அந்த ஊர்ச் சதுக்கத்தின் நடுவே உயர்ந்த தூணின் மேல் அவருக்குச் சிலை வைத்தது 1845-இல். அது இன்றும் நிற்கிறது. அவர் சுட்டுக் கொல்ல வைத்தவர்களுக்கு வேலூரில் ஒரு தூண் எழ இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் இருக்கும் அந்தச் சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று மாலை வைக்கப்படுகிறது. கிளர்ச்சியின் இருநூறாம் ஆண்டான 2006-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையும் வெளியிட்டது. ஒரே காலைப்பொழுதுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு தூண்கள். ஒன்று சுட்டவருக்கு, ஒன்று சுடப்பட்டவர்களுக்கு.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு பெயரும் உண்டு. சிப்பாய்களுக்கு உத்தரவு போன காலத்தில் சென்னை ஆளுநராக இருந்தவர் வில்லியம் பெண்டிங். வேலூர் விவகாரத்துக்காக 1807-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே மனிதர் இருபது ஆண்டுகள் கழித்துத் தலைமை ஆளுநராக வந்து, 1829-இல் உடன்கட்டை ஏறுவதைச் சட்டத்தால் தடுத்தார். கல்கத்தாவில் அவருக்குச் சிலை வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. வேலூர்க்காரர் ஒருவர் அந்தச் சிலையை அகற்றச் சொன்னால் அவர் பக்கமும் நியாயம் இருக்கும், கூடாது என்பவர் பக்கமும் இருக்கும். சர்ச்சைக்குரிய மனிதர் என்றால் பெரும்பாலும் இப்படித்தான், இரண்டு பக்கமும் வரவு வைத்த கணக்கு. ஒரே பக்கம் மட்டும் எழுதிய கணக்குகளும் உண்டு. அப்படி ஒன்றுதான் தமிழ்நாட்டின் முதல் பெரிய சிலைப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று.

சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் பக்கம், 1860களின் தொடக்கத்திலிருந்து கர்னல் ஜேம்ஸ் நீலின் வெண்கலச் சிலை நின்றது. ஸ்காட்லாந்தின் ஆயர் நகருக்கு அருகில் பிறந்தவர் நீல்; சென்னையின் ஐரோப்பியப் படைப்பிரிவான மதராஸ் ஃப்யூசிலியர்ஸின் அதிகாரி. 1857 கிளர்ச்சியின்போது அந்தப் படையுடன் வடக்கே அனுப்பப்பட்டார். காசியிலும் அலகாபாத்திலும் அவர் படை போன வழியெல்லாம் தூக்கு மரங்கள் நின்றன. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற விசாரணைக்கு அங்கே இடமிருக்கவில்லை, கிராமங்களையே கொளுத்தினார்கள். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்த வீட்டில், பிடிபட்டவர்களைத் தரையில் உறைந்த இரத்தத்தை நக்க வைத்து, அதன் பிறகு தூக்கிலிட உத்தரவு போட்டார். 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடி பட்டு இறந்தார். சென்னையில் அவர் செய்தது எதுவுமில்லை. சென்னைப் படைப்பிரிவின் வீரர் என்பதால் சென்னைக்குச் சிலை வந்தது. வங்காளத்தில் கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என்று பீடத்தில் புகழுரையும் பொறித்தார்கள். வடித்தவர் மேத்யூ நோபிள், அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெயர் பெற்ற சிற்பி.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது போக்குவரத்தின் நடுவே சும்மா நின்றது. 1927 ஆகஸ்டில் நிலைமை மாறியது. திருநெல்வேலிக்காரரான சோமையாஜுலு முன்னின்று நடத்த, தொண்டர்கள் சிலையை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். மதுரையைச் சேர்ந்த முகமது சாலியாவும் சுப்பராயுலு நாயுடுவும் ஏணி வைத்து ஏறிச் சிலையை அடித்தார்கள், உடனே கைதானார்கள். அவர்கள் சிறைக்குப் போனதும் அடுத்த அணி வந்தது. வெண்கலச் சிலை இரண்டு பேரின் சுத்தியலுக்கு விழாது என்பது வந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அடியின் ஓசை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த அரசுக்கும் வெளியூர்ப் பத்திரிகைக்கும் கேட்டால் போதும், மீதியைச் சிறைத் தண்டனைகள் பார்த்துக்கொள்ளும் என்பதே கணக்கு.

கடலூர் அஞ்சலை அம்மாள் இந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடைய சிறு பெண் அம்மாக்கண்ணுவும் உடன் கைதானாள். அம்மாக்கண்ணுவைக் காந்தி தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயர் சூட்டினார். சில ஆண்டுகள் கழித்து வேறொரு போராட்டத்தில் அஞ்சலை அம்மாள் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டதும், அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்ற பெயர் நிலைத்ததும் தனிக்கதை. விருதுநகரின் இளம் தொண்டராக இருந்த காமராஜரும் நீல் சிலைப் போராட்டத்தைத் தலைமையேற்று நடத்தக் காந்தியிடம் அனுமதி வாங்கியிருந்தார். அதற்குள் சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்துவிட, கவனம் அங்கே போயிற்று.

1927 செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தி தொண்டர்களைச் சந்தித்துப் பேசினார். சிலையை எடுக்கச் சொல்லும் கோரிக்கையை ஆதரித்தார். போராட்டம் அகிம்சையிலிருந்து பிசகக் கூடாது என்று கட்டுப்பாடும் விதித்தார். சிலை விழவில்லை, போராட்டம் மெல்ல ஓய்ந்தது. ஆனால் கோரிக்கை சாகவில்லை. 1937-இல் தேர்தலில் வென்று ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு அமைந்தது. பத்தாண்டுகளுக்கு முன் சுத்தியலால் முடியாததை அந்த ஆண்டு ஓர் அரசு உத்தரவு முடித்துவைத்தது. சிலையை யாரும் உருக்கவில்லை, கடலில் தள்ளவில்லை. இப்போது அது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கினால் யாரும் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அதே சாலையில் நின்ற இன்னொரு வெள்ளைக்காரரை யாரும் தொடவில்லை என்பது. மவுண்ட் ரோட்டின் வடகோடியில், தீவுத்திடலை ஒட்டி, 1839-இல் வைத்த சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இன்றும் அங்கேயே இருக்கிறது. குடியானவர்களிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர், கும்பினி அதிகாரியாக இருந்தும் நாட்டு மக்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். நீலைப் பெயர்க்க வந்த தொண்டர்கள் வெள்ளைக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக வந்திருந்தால் மன்றோவும் தப்பியிருக்க மாட்டார். மனிதரைப் பார்த்து, செயலைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். இன்றைய சிலைச் சண்டைகள் பலவற்றில் இந்த நிதானம் கிடையாது.

நீலின் பெயர் சென்னையை விட்ட பிறகும் அந்தமானில் ஒரு தீவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2018 டிசம்பர் 30 அன்று நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆயிற்று. ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வந்தது. டெல்லியிலும் இதே போக்குத்தான். இந்தியா கேட் எதிரே மண்டபத்தின் கீழ் நின்ற ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968-இல் எடுத்து நகரின் வடகோடியில் உள்ள கொரோனேஷன் பூங்காவில் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் காலியாகக் கிடந்த அந்த மண்டபத்தில் 2022 செப்டம்பரில் நேதாஜி சிலை ஏறியது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தையும் வேலூர்க்காரர்கள் ஒருமுறை பார்க்கலாம். 1792-இல் திப்பு தம் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரான மொய்சுதீன்தான் பிற்பாடு வேலூர்க் கோட்டைக்குள் இருந்தார். 1806 கிளர்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டென்றும் சொல்லப்பட்டது. தெருவில் நின்றபோது அது வெற்றியின் விளம்பரம். கூடத்துக்குள் போனதும் ஆவணமாகிவிட்டது.

வெளிநாட்டார் சிலைகளை எடுப்பதில் இவ்வளவு தெளிவாக இருந்த தமிழ்நாடு, நம்மவர் பெயர்களை வைப்பதிலும் எடுப்பதிலும் அதே அளவுக்குத் தடுமாறியது. அதை நேரில் அனுபவித்த மாவட்டங்களில் வேலூரும் ஒன்று. 1989-இல் பழைய வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலைக்குச் சம்புவராயர் பெயரும் வேலூர்ப் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரும் சேர்ந்தன. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று கடிதத் தலைப்பிலும் பள்ளிச் சான்றிதழிலும் அச்சாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி வழியாக வேலூருக்கு ஓடிய அரசுப் பேருந்துகளின் பக்கவாட்டில் திராவிட இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் இருந்தது. தோல் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போன ஒரு தலைமுறை அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே பயணம் செய்தது. மாநிலம் முழுக்க இதே கதைதான்: பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம், நாகை காயிதே மில்லத் மாவட்டம், சேரன், சோழன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு பிரிவினரைக் குளிர்வித்தது. குளிர்விக்கவே வைத்தார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம்.

1997-இல் விருதுநகர் வட்டாரத்துக்கு அமைத்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத் தளபதியாகப் போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடியவர்கள் தலித் மக்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று வேறு சாதியினர் சிலர் மறுத்தார்கள். கல்வீச்சும் கலவரமும் உயிர்ச்சேதமும் தென் மாவட்டங்களில் பரவின. கருணாநிதி அரசு எடுத்த முடிவு, அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்காமல் மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் ஒரேயடியாக எடுத்துவிடுவது. 1997 ஜூலை முதல் எல்லாப் பேருந்தும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் வெறும் வேலூர் மாவட்டம்.

கலவரத்தை அடக்க இதைவிட விரைவான வழி இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் விலை யாருக்கு என்று பார்க்க வேண்டும். பேருந்தில் எழுதிய பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்கு அவர்கள் கேட்டது கிடைத்தது. தெற்கே மூண்ட தகராறுக்கு வடக்கே அம்பேத்கரும் அழகிரியும் பலகையிலிருந்து இறங்கினார்கள். எல்லோரையும் சமமாக நடத்தியதுபோல் தோன்றும் அந்த உத்தரவு, வம்பு செய்தால் பெயர் போகும் என்ற பாடத்தையும் சேர்த்தே விட்டுச் சென்றது. பல்கலைக்கழகங்களை அந்த முடிவு தொடவில்லை என்பது வேடிக்கை. தலைவர்களும் புலவர்களும் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கிறார்கள். 2002-இல் வேலூருக்கு வந்த பல்கலைக்கழகத்துக்கும் திருவள்ளுவர் பெயர்தான். அந்தப் பெயருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கத் துணிந்தவர் எவரும் இல்லை.

தெருப்பெயர்களில் சாதி ஒட்டை நீக்குவது இதற்கு முன்பே தொடங்கிய வேலை. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது. சென்னைத் தெருப் பலகைகளில் முதலியார், நாயர், செட்டியார் எல்லாம் உதிர்ந்து, மனிதரின் சொந்தப் பெயர் மட்டும் மிஞ்சியது. சில இடங்களில் யாரைக் குறிக்கிறது என்றே தெரியாத அரைப்பெயர்களும் மிஞ்சின. 2025 அக்டோபரில் மறுபடி ஓர் அரசாணை வந்தது. தெரு, குடியிருப்பு, நீர்நிலை எதிலும் சாதிப்பெயர் இருக்கக் கூடாது என்றது. அதே மாதம் கோவை அவிநாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை அரசே சூட்டியது. நாயுடு என்பது சாதியா, அந்த விஞ்ஞானியை ஊர் அறிந்த பெயரின் பகுதியா என்று பட்டிமன்றம் நடந்தது. இரண்டும்தான். ‘ஜி.டி. மேம்பாலம்’ என்று வைத்திருந்தால் கோவைக்காரர்களே யார் அது என்று கேட்டிருப்பார்கள்.

பள்ளிகளின் விஷயம் இன்னும் கூர்மையானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதிதிராவிடர் நல’ போன்ற அடைமொழிகளைப் பள்ளிப் பெயர்களிலிருந்து நீக்கி அரசுப் பள்ளி என்றே அழைக்க வேண்டும், தனியார் பள்ளிகளும் சாதிப்பெயரைக் கைவிட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் முக்கியமானது. 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் கல்வி நிறுவனங்களின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இங்கே தனிமனிதர் எவரும் கூண்டில் நிற்கவில்லை. ஆனாலும் கேள்வி அதே கேள்விதான்: வாசல் பலகை அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்கிறது? சலுகைக்காக வந்த பெயர், காலப்போக்கில் அடையாளக் குறியாகிவிட்டது. அதை எடுப்பதில் தயங்க ஒன்றுமில்லை. பெயரோடு சேர்த்து அந்தப் பள்ளிகளுக்கென்று இருந்த நிதியையும் ஆசிரியர் பணியிடங்களையும் கைநழுவ விட்டுவிடக் கூடாது என்ற கவலை மட்டும் நியாயமானது.

கொடை கொடுத்தவரின் பெயர் வேறு வகை. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி தோல் வணிகத்தில் சம்பாதித்து அறத்துக்குக் கொடுத்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோல் தொழில் வட்டாரம் முழுக்க இந்த மரபு உண்டு. இத்தகைய பெயர்களில் நன்றிக்கடனும் அறக்கட்டளைப் பத்திரமும் சேர்ந்திருப்பதால் எளிதில் கைவைக்க முடியாது. சிக்கல், கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது எழுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இதற்குச் சென்னையோடு நேரடித் தொடர்புள்ள எடுத்துக்காட்டு. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். ஊழல் புகாரில் பதவி இழந்தவர். கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய காலத்து நிர்வாகத்தில் முக்கிய இடம் வகித்தவர். சென்னையில் திரட்டிய செல்வத்தில் ஒரு பங்கை 1718-இல் கொடுத்ததால் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அடிமை முறையை ஆதரித்த கால்ஹூனின் பெயரைத் தன் உள்கல்லூரி ஒன்றிலிருந்து 2017-இல் யேல் நீக்கியது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024-இல் மன்னிப்பும் கேட்டது. தன் சொந்தப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. புகழ் சேர்ந்த பெயருக்குச் சந்தை மதிப்பும் உண்டு.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சான்பிரான்சிஸ்கோ காட்டியது. 2021 ஜனவரியில் அந்நகரப் பள்ளி வாரியம் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்றத் தீர்மானித்தது. வாஷிங்டனும் அடிமை முறைக்கு முடிவு கட்டிய லிங்கனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். குழு வரலாற்று ஆசிரியர்களைக் கலந்துகொள்ளவில்லை. பட்டியலில் இருந்த பால் ரிவீர் என்பவர் கலந்துகொண்ட பெனாப்ஸ்காட் கடற்படை நடவடிக்கையை, அதே பெயர் கொண்ட பழங்குடியினரின் நிலத்தைப் பறித்த செயல் என்று தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கொரோனாவால் பள்ளிகளே மூடிக்கிடந்த நேரம் அது. பெற்றோர் கொதித்தார்கள், ஏப்ரலில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

கூட்டம் கூடி இடிப்பது அவசரத்தையும் தாண்டியது. 2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலையைச் சாய்த்த மறுநாள், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில் பெரியார் சிலையைச் சிதைத்தார்கள். காரணமானவர்கள் அன்றே பிடிபட்டார்கள். அதைச் செய்தவர்கள் பெரியாரின் கருத்துக்கு எதிராக ஒரு வாக்கியமும் எழுதியதாகத் தெரியவில்லை. பிரிட்டனின் பிரிஸ்டலில் 2020 ஜூன் 7 அன்று அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பல ஆண்டுகளாக மனுக் கொடுத்து அலுத்த ஊர் அது என்பதால் அவர்களின் கோபம் புரிகிறது. நகராட்சி சிலையை மீட்டு, பூசிய வண்ணத்தோடேயே அருங்காட்சியகத்தில் வைத்தது. கூட்டம் செய்த பிழையை ஓர் அலுவலகம் திருத்திய அரிதான சந்தர்ப்பம் அது. இதற்கு நேர்மாறாக, அதிகாரத்தில் இருப்பவர்களே இரவோடிரவாக இடித்ததும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8 இரவில் தகர்க்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், உலகத் தமிழர் கொதித்தார்கள். ஏப்ரலில் அதே இடத்தில் தூபி மறுபடி எழுந்தது. துக்கம் காத்தவர்களின் சம்மதம் இல்லாமல் எடுத்த சின்னம் முன்னைவிட உறுதியாகத் திரும்பி வரும்.

சட்டம் இந்தச் சண்டைகளைப் பெரும்பாலும் போக்குவரத்துப் பிரச்சினையாகவே பார்க்கிறது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு அனுமதி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. சென்னைக் கடற்கரைச் சாலையில் இருந்த சிவாஜி கணேசன் சிலை 2017-இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனதும் போக்குவரத்தைக் காட்டித்தான். அரக்கோணம் பக்கம் புறம்போக்கு நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றச் சொன்ன தாசில்தாரின் உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 2021 அக்டோபரில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் அந்த ஒரு சிலையோடு நிற்கவில்லை. மாநிலம் முழுக்கப் பொது இடங்களில் உள்ள சிலைகளை எடுத்து, ‘தலைவர்கள் பூங்கா’ ஒன்றில் சேர்த்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சொல்வது எளிது. கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கம்பிகள் காக்கையைத் தடுக்க வைத்தவை அல்ல. சேரிக்கு வெளியே பொது வழியில் அவர் நிற்பதே ஓர் உரிமைக் கோரிக்கை. எல்லாச் சிலையையும் ஒரே பூங்காவில் அடுக்குவது 1997-இன் தீர்வையே கல்லுக்கும் வெண்கலத்துக்கும் நீட்டுவதாகும்.

ஆக, எடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியை விட, யார் எந்த வழியில் எடுக்கிறார்கள், எடுத்ததை எங்கே வைக்கிறார்கள் என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். நீல் சிலை இதில் தேறுகிறது. கோரிக்கை பத்தாண்டு காலம் வெளிச்சத்தில் கிடந்து விவாதிக்கப்பட்டது. முடிவெடுத்தது தேர்தலில் வந்த அரசு. சிலை அழியவில்லை. தெருவுக்குப் பெயர் வைப்பதும் மாற்றுவதும் நகர்மன்றத் தீர்மானத்தையும் அரசின் ஒப்புதலையும் கோரும் வேலை. பள்ளிப் பெயருக்குக் கல்வித் துறை இருக்கிறது. இந்த வாசல்கள் திறந்திருக்கும்போது சுத்தியலுக்கு அவசியமில்லை. 1927-இல் இருந்தவர்களுக்கு வாக்குரிமை இல்லாத பெருங்கூட்டம் பின்னால் நின்றது. அவர்களின் சுத்தியலை அளக்கும் கோல் வேறு.

வேலூர் மாநகராட்சியோ ஆம்பூர் நகராட்சியோ நாளை ஒரு பெயரை மாற்ற முன்வந்தால், மன்றத்தில் பத்து நிமிடத்தில் கைதூக்கி முடித்துவிடாமல், காரணத்தை எழுத்தில் வெளியிட்டு, அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களிடமும் குடியிருப்பவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். புதிய பலகையின் அடியில் பழைய பெயரும் சிறிய எழுத்தில் சில ஆண்டுகளாவது இருக்கட்டும். தபால்காரருக்கும் பிற்கால ஆய்வாளருக்கும் அது உதவும். இறக்கிய சிலை என்றால் அதைக் குடோனில் போட்டுப் பூட்டக் கூடாது. வைக்க இடமில்லை என்று வேலூர் சொல்ல முடியாது, கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.